ஒன்பது பூட்டுப் போட்ட வீட்டை அருங்காட்சியகம் ஆக்கிய கதை

வேலை ஆரம்பித்த அன்று வீட்டைத் திறக்கவே முக்கால் நாள் ஆனது. முகப்புக் கதவின் சாவி மட்டும் உள்ளூரில் இருக்கும் ஆச்சியிடம் இருந்தது. உள்ளே வளவைச் சுற்றி, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, இரட்டை வீடு என்று சொல்லும் அறைகளுக்கு ஆளுக்கொரு பூட்டு. செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் தனி அறை, தனிப் பூட்டு. இந்த வீட்டில் இப்போது ஒன்பது புள்ளி. மூன்று சென்னையில், இரண்டு கோயம்புத்தூரில், ஒன்று மலேசியாவில், மிச்சம் எங்கெங்கோ. ஒரு பூட்டின் சாவி எங்கே என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியவில்லை, ஆசாரியைக் கூப்பிட்டுக் கீலைக் கழற்றித்தான் உள்ளே போனோம்.

நான் வயர்மேன். வரலாறெல்லாம் படித்தவன் இல்லை. எங்கள் ஊர் வரலாற்றுக் குழு என்று பெயர்தான் பெரிதாக இருக்கும், ஆள் பதினோரு பேர். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் (இனி வாத்தியார்), தபால் ஆபீஸில் இருந்தவர், ஜெராக்ஸ் கடைக்காரர், தையல்காரர், இந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஊருணிக் கரையில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்த கூட்டம்தான். பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டை ஒரே மாதத்தில் பிரித்துத் தூண், நிலை, ஜன்னல், கம்பி, ஓடு என்று லாரியில் ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அப்படிப் பிரித்த வீடுகளின் சாமான்களை இன்றைக்கும் பார்க்கலாம். அந்தக் கடைகளைக் குறை சொல்லவில்லை. விற்கிறவர் இருந்தால்தானே வாங்குகிறவர்.

முதலில் காகித வேலை. வீட்டை விற்க யாருக்கும் மனமில்லை, பராமரிக்க யாருக்கும் முடியவில்லை. பத்து வருஷக் குத்தகை, வாடகை பெயருக்கு என்று பேசினோம். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பங்காளி மாறிப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஒன்பது கையெழுத்துக்கு பதினான்கு மாதம். கூரை, சுவர், தரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதுதான் கஷ்டமான வேலை. இதே யோசனையில் இருப்பவர்கள் கொத்தனாரைத் தேடுவதற்கு முன்னால் வக்கீலைத் தேடுங்கள்.

ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சாமி வீட்டை மட்டும் தொடாதிய தம்பி. வருஷத்துக்கு ஒருக்க படைப்புப் போட நாங்க வந்துருவோம், அன்னைக்கு யாரையும் உள்ள விடக்கூடாது." படைப்பு என்பது அந்த வீட்டில் வாழ்ந்து போனவர்களுக்குச் செய்வது, அவர்களுடைய துணிமணிகளை ஒரு பெட்டியில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு அதைவிடப் பெரிய பொருள் கிடைக்காது என்று குழுவில் ஒருவர் சொன்னார். வாத்தியார் அவரை முறைத்த முறைப்பில் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த அறை இன்றும் பூட்டித்தான் இருக்கிறது.

கற்றுக்கொள்ள இரண்டு இடங்களுக்குப் போனோம். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது, ஒரு பொருளுக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என்றால் என்ன என்று அங்கேதான் விளங்கியது. இன்னொன்று சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, பழைய வீடுகளையே காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகம். அங்கே இருக்கும் செட்டிநாட்டு வீடு இந்தப் பக்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் மறுபடி கட்டியது. நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் வாத்தியார் ஒன்று சொன்னார்: அவர்கள் வீட்டைக் கொண்டுபோக வேண்டியிருந்தது, நமக்கு வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது, தெருவும் ஊருணியும் சேர்த்து. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதும் தனி வீடு இல்லை, செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எங்கே தொடங்குவது என்பதில் சண்டை. நாலு பேர் பார்க்கிற இடம் என்பதால் முகப்பிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். கூரை ஒழுகுகிற வீட்டில் கீழே என்ன செய்தாலும் வீண் என்று நான் பிடிவாதமாக நின்றேன், கடைசியில் கூரைதான் முதலில். நாட்டு ஓடு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. ஓடுகளை விட மோசம் கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றுகள். மேலே இழுத்துப் பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மறு மழைக்குத் துளிர்த்துவிடும். சுற்றிலும் செங்கலை எடுத்து வேரோடு தோண்டி, சுண்ணாம்புக் காரை வைத்து அடைத்தோம். உடைந்த ஓட்டுக்கு மாற்று கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பிரித்த வீட்டு ஓட்டைத்தான் வாங்கினோம். ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொரு வீட்டின் எலும்பை வாங்குகிறோமே என்று உறுத்தியது. வேறு வழி தெரியவில்லை.

அடுத்து சுவர். பட்டாலை என்னும் தூண் வைத்த கூடத்தின் வடக்குச் சுவரில் ஆறடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. முன்பு எப்போதோ யாரோ நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, சுண்ணாம்பு விடும். நாலடிக்குச் சிமெண்ட் போட்டால் ஈரம் நாலடியைத் தாண்டி ஏறி, மேலே இருக்கும் நல்ல சுண்ணாம்புப் பூச்சில் போய் வெளியேறும், போகிற போக்கில் உப்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். இங்கே அப்படியே நடந்திருந்தது. சிமெண்டை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுக் காய விட்டோம். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாத வெயில். சுவர் காயவில்லை.

காரணம் தெரிந்தது ஆடி மாதம் ஒரு சாயங்காலம் பெய்த மழையில். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவு வாசலில்தான் விழும், அங்கிருந்து தரைக்கடியில் போகும் வழியாக வெளியேறும். பழைய வீடுகளில் இந்த மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பார்கள், மிச்சம் வெளியே போகும். எங்கள் கண் முன்னால் வளவு வாசல் தொட்டி மாதிரி நிரம்பி நின்றது. மூலையில் கடப்பாரையால் தட்டிப் பார்த்தால், தண்ணீர் போகும் வாய் மேலே பளபளவென்று சிமெண்ட்! தரை மட்டமாக இருக்கட்டும் என்று அடைத்திருக்கிறார்கள். அத்தனை வருஷத் தண்ணீரும் வேறு வழியில்லாமல் வடக்குச் சுவரின் அடியில்தான் இறங்கியிருக்கிறது. அடைப்பை எடுத்து, உள்ளே மூங்கில் விட்டுக் குத்தி, இரண்டு வண்டி மண்ணும் ஒரு பித்தளைச் செம்பும் எடுத்தோம். செம்பில் பேர் வெட்டியிருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். அடுத்த கோடையில் சுவர் காய்ந்தது. ஒரு வருஷம் போனதுதான், ஆனால் காயாத சுவரில் பூசியிருந்தால் அத்தனை முட்டையும் மண்ணாகியிருக்கும்.

ஆமாம், முட்டை. செட்டிநாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி இருப்பதற்கு முட்டைதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். எழுபது வயதுக் கொத்தனார் ஒருவரைப் பிடித்தோம், அவர் சிரித்தார். "முட்டை கடைசிப் பூச்சுக்கு மட்டுந்தான் தம்பி. மினுக்கு வர்றது கையிலதான்." சுண்ணாம்பைக் குழியில் நீற்றி ஒரு மாதம் ஊறப்போட்டார். கடுக்காயைத் தட்டிப் போட்டுக் கருப்பட்டியும் சேர்த்து ஊற வைத்த தண்ணீரைத்தான் காரைக்கு விட வேண்டும், பச்சைத் தண்ணீர் ஆகாது. கீழ்ப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அதன் மேல் மணலைச் சலித்து இன்னும் மெல்லிசாக ஒன்று. கடைசியில் சுண்ணாம்பையும் வெள்ளைக்கல் பொடியையும் வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து, பூசிய கையோடு வழவழப்பான கல்லால் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். பூச்சு இறுகும்வரை நிறுத்தக் கூடாது, ஒரு சுவரை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்தால் ஒட்டு தெரிந்துவிடும். அதனால் காலையில் ஏறிய நாலு பேர் இருட்டிய பிறகுதான் இறங்கினார்கள். எனக்கு இரண்டு நாள் தோள்பட்டை தூக்க முடியவில்லை.

முட்டைக் கடைக்காரர் என்ன விசேஷம், கல்யாணமா என்று கேட்டார். மஞ்சள் கருவை எல்லாம் பக்கத்து மெஸ்ஸுக்குக் கொடுத்தோம், அந்த வாரம் முழுக்க அங்கே முட்டைப் பொரியல்தான்.

புதிதாகப் பூசியது அந்த ஒரு சுவர் மட்டும். மற்றச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கலாம் என்று ஒருவர் பெயிண்ட் டப்பாவோடேயே வந்துவிட்டார். நூறு வயதைத் தாண்டிய அந்தப் பூச்சை ஈரத் துணியால் மெல்லத் துடைத்தோம், உள்ளிருந்து பால் வெள்ளை எழுந்து வந்தது. டப்பா திரும்பிப் போனது.

தரையில்தான் எங்கள் பெரிய தப்பு. வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முகப்பிலிருந்து இரண்டாவது பகுதியில், ஆத்தங்குடிக் கல் என்னும் சாயச் சிமெண்ட் தரைக்கல், சிவப்பும் பச்சையும் மஞ்சளும். பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. சுத்தம் செய்ய வந்த இளைஞர்கள் நல்ல மனசோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு கட்டில் அகலத்துக்குப் பளபளப்பு போய் வெளிறிவிட்டது. சிமெண்ட் கல்லை ஆசிட் தின்னும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நான் அன்று ஒரு கல்யாண வீட்டில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தவிட்டால் தினமும் தேய்த்துக் கொஞ்சம் மீட்டோம். முழுசாக வரவில்லை.

உடைந்த கற்களுக்கு ஆத்தங்குடிக்கே போனோம். இதுவரை பார்க்காதவர்கள் ஒரு தடவை பாருங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம், அதற்குள் உலோக அச்சு, அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் கரண்டியால் சாயம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் கலவையை அப்பி அழுத்துகிறார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி வெளியே வரும்போது கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் பூ. சூளை, நெருப்பு எதுவும் கிடையாது. எங்கள் பழைய கல்லை நீட்டியதும் பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பூ வரும், ஆனால் இந்தச் சிவப்பு உடனே வராது, பத்து வருஷம் நடங்கள், வரும் என்றார். அதனால் புதுக் கல்லை நடைபாதையில் போட்டோம், நடைபாதையில் இருந்த பழைய கற்களை ஓரத்தில் உடைந்த இடங்களுக்கு மாற்றினோம். எது புதிது என்று பார்த்தாலே தெரியும், தெரியட்டும்.

தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை, ரங்கூனில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த பணம் நின்ற இடமே இந்தத் தூண்கள்தான். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தடவினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி நாலாம் கட்டில் ஒரு மூலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் புகை வாடை என்று போன் செய்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் துணிக் குவியலின் நடுவே கருகிக் கனன்றுகொண்டிருக்கிறது, யாரும் நெருப்பு வைக்கவில்லை. அந்த எண்ணெய் காயும்போது சூடு விடும், சுருட்டிப் போட்டால் சூடு வெளியே போக வழியில்லை. துணியைக் கொடியில் விரித்துக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். நூறு வருஷம் நின்ற வீட்டை நாங்களே ஒரு ராத்திரியில் கொளுத்தியிருப்போம்.

என் சொந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம். பழைய வயரிங் தேக்குக் கட்டையின் மேல் ஓடியது, பீங்கான் சுவிட்ச். வயரை எல்லாம் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் விட்டுவைத்தேன், புது வயர் அதே வழியில்தான் போகிறது, சுவரில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. சுவிட்சுகள் பார்வைக்கு மட்டும், வேலை செய்யாது. காகிதம், துணி, போட்டோ இருக்கிற அறைகளில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது அருங்காட்சியகக் கணக்கு. நமக்கு அது இருட்டாகத் தோன்றும். முதலில் நானும் டியூப் லைட்டாக மாட்டிவிட்டேன், ஜவுளிக்கடை மாதிரி இருந்தது, பிறகு மஞ்சள் ஒளி எல்இடி மாற்றினேன். பகலில் வளவு வாசல் வெளிச்சமே போதும்.

பொருள்களுக்கு வருவோம். ஒன்பது அறைகளிலும் திறந்தால் பித்தளை, வெண்கலம், எனாமல் தூக்குகள், அடுக்குகள். ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்று அடியில் முத்திரை. ஆர்வக் கோளாறில் முதல் ஐம்பது பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினோம். அதன்மேல் விலைச்சீட்டு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினோம். இரண்டும் தப்பு. புளி தேய்க்கத் தேய்க்க வெட்டியிருந்த எழுத்து மழுங்குகிறது, ஸ்டிக்கர் பசை கறை விடுகிறது. அந்த எழுத்துதான் விஷயமே. செட்டிநாட்டில் பாத்திரத்தில் விலாசம் வெட்டுவார்கள், குடும்பத்தின் முதலெழுத்துகள். ஆச்சி முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தடவி, இது பெரியவுக வீட்டுது, இது அந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு வச்ச சாமான் என்று சொல்லச் சொல்ல, ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதினார். இப்போது எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டுகிறோம். பதிவேட்டில் இதுவரை 1,140 உருப்படி.

வளவு வாசல் அடைப்பில் எடுத்த செம்பின் விலாசம் எந்தப் புள்ளியோடும் சேரவில்லை. ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது விருந்தாளி வீட்டுச் செம்பு, இத்தனை வருஷமும் தேடியிருப்பாக என்றார்.

எப்படி அடுக்குவது என்று தெரியாமல் கண்ணாடி அலமாரிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தோம். ஆச்சிதான் சொன்னார்: "ஏன் தம்பி, கல்யாணத்துல சாமான் பரப்புவமே, அது மாதிரிப் பரப்ப வேண்டியதுதான?" பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாரும் பார்க்க வரிசையாகப் பரப்பி வைக்கிற வழக்கம். பெரியது பின்னால், சிறியது முன்னால், வெள்ளி தனி, வெண்கலம் தனி, எனாமல் தனி, எண்ணிக்கை சொல்லும்படி. அவரும் இன்னும் மூன்று ஆச்சிமார்களும் ஒரே மத்தியானத்தில் பட்டாலை முழுவதையும் பரப்பிவிட்டார்கள். அலமாரிக் காசு மிச்சம். குழந்தைகள் தொடாமல் இருக்க முன்னால் ஒரு கயிறு கட்டியது மட்டும்தான் நாங்கள் செய்தது.

ஒரு மரப்பெட்டி நிறையக் கணக்கேடுகள் இருந்தன, எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலாகப் புத்தகமும் காகிதமும் சேர்த்து வைத்திருந்தார், அவர் காலத்துக்குப் பிறகு அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, இப்போது சென்னையில் நூலகமாக நிற்கிறது. அந்த மண்ணில் இருந்துகொண்டு ஏட்டை எடைக்குப் போடுவதா? தூசி தட்டி, நிழலில் விரித்து, பழைய முறைப்படி வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியில் வைத்தோம். படிப்பதுதான் பாடு. எண்ணெல்லாம் தமிழ் எண், பின்னத்துக்கு மாகாணி, காணி, முந்திரி. மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. வட்டியை முந்திரி வரைக்கும் பார்த்திருக்கிறார்கள்! வாத்தியார் தினமும் இரண்டு பக்கம் பெயர்த்து எழுதுகிறார். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் நம் ஆட்கள் திரும்பி வந்தது எல்லாருக்கும் தெரியும். ஏட்டில் அது எப்படித் தெரிகிறது என்றால், ஒரு பக்கத்தில் பற்று எழுதியிருக்கிறது, எதிர்ப்பக்கம் வரவு இல்லை, அதற்குப் பிறகு ஏடு முழுக்க வெற்றுத் தாள். அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு சண்டை, அது என் சண்டை. நாலாம் கட்டைப் பூட்டிவிடலாம் என்று பெரும்பான்மை. அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு, கரி படிந்த அடுப்படி, பார்க்க என்ன இருக்கிறது என்றார்கள். எங்கள் அப்பா இந்த வீட்டுக்குத் தண்ணீர் இறைத்தவர். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவர் இருபது வருஷமும் பின்வாசல் வழியாகத்தான் வந்து போனார், பட்டாலைத் தூணைப் பார்த்ததே இல்லை என்று சொல்வார். நாலாம் கட்டு இல்லாமல் திறப்பதென்றால் வயரிங்கை வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளுங்கள் என்றேன். வாத்தியார் என் பக்கம் நின்றார். இப்போது கிணற்று ராட்டினம், கயிறு உரசி உரசிப் பள்ளமான கல், எல்லாம் திறந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் கை வைத்துப் பார்க்காமல் யாரும் போவதில்லை.

ஞாயிறு மட்டும் திறக்கிறோம், காலை பத்து முதல் ஒரு மணி வரை. மேல்மாடி இன்னும் வௌவால் வசம். இந்த ஐப்பசி மழையில் பட்டாலைத் தென்கிழக்கு மூலையில் ஒரு இடம் ஒழுகியது, பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்தோம். போன வாரம் வந்த ஒருவர் அந்த வாளியையும் குனிந்து குனிந்து படம் எடுத்துவிட்டு, இதற்கு ஏன் எண் கட்டவில்லை என்று கேட்டார். ஓட்டுக்காரர் தை பிறந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.